பெயர் இருக்கிறது, எலும்பு இல்லை

தாம்பரத்தை அடுத்த பொத்தேரியில் நிற்காமல் பறக்கும் திருச்சி ரயில்கள் பல, விருத்தாசலம் தாண்டி அரியலூரில் நிற்கும். பொத்தேரியில் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் டைனோசர் கிடைக்காது. தாம்பரம் வட்டாரத்தின் அடிப்பாறை, பல்லாவரம் மலையில் தெரிகிற அதே சார்னோகைட். ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழசு. அப்போது எலும்புள்ள உயிரே கிடையாது.

அரியலூர் சங்கதி வேறு. இன்று சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தருவது அங்கே முன்பு கிடந்த கடல். அந்தக் கடல் பின்வாங்கியதும் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் களிமண்ணும்தான் கல்லமேடு படிவம். வயது சுமார் 7 கோடி ஆண்டு. இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் யாதகிரியும் அய்யாசாமியும் அதில் கிடைத்த எலும்புகளுக்கு 1987-ல் ‘புருகத்காயோசாரஸ் மாட்லேயி’ என்று பெயர் சூட்டினார்கள். முன்பாதி ‘பேருடல் பல்லி’. பின்பாதி, திருச்சி மாவட்ட டைனோசர்களைப் பற்றி 1929-லேயே எழுதிய ஆங்கிலேயர் சார்லஸ் மாட்லிக்கு மரியாதை.

கிடைத்தவை இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு துண்டு, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு, முன்கை எலும்பு, வால் முள்ளெலும்பு. இவற்றில் கீழ்க்கால் எலும்பின் நீளம் மட்டும் 2 மீட்டர்! உலகின் மாபெரும் டைனோசர்களில் ஒன்றான அர்ஜென்டினோசாரஸுக்கே அது 1.55 மீட்டர்தான்.

வேடிக்கை என்னவென்றால், பெயர் வைத்தவர்கள் இதை ஊனுண்ணிகளின் வரிசையில் சேர்த்திருந்தார்கள். இது இலைதழை தின்னும் நெடுங்கழுத்து இனம் என்று 1995-ல் சொன்னவர் தொல்லுயிரியலாளர் சங்கர் சாட்டர்ஜி. இன்று அந்த இனத்தின் டைட்டனோசர் கூட்டத்தில் வைக்கிறார்கள். எலும்பே அல்ல, கல்மரத் துண்டு என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

சரிபார்க்கலாம் என்றால் எலும்பு இல்லை. தொட்டால் உதிரும் பதம். பிளாஸ்டர் கட்டு போட்டும் தாங்கவில்லை, மழையும் ஈரமும் சேர்ந்து பொடியாக்கிவிட்டன. பல ஆண்டுகளாக ஆய்வாளர்கள் கையில் இருந்தவை எளிய கோட்டோவியங்கள் மட்டுமே. அய்யாசாமியும் பாலும் 2022-ல் பழைய களப் புகைப்படங்களை வெளியிட்ட பிறகுதான் கல்மரப் பேச்சு ஓரளவு அடங்கியது. மறு ஆண்டே ஆய்வாளர்கள் கிரிகரி பாலும் (இவர் வேறு பால்) லாரமெண்டியும் எடையை 110 முதல் 130 டன் வரை என மதிப்பிட்டார்கள். நீலத் திமிங்கிலத்தோடு நிற்கிற எடை அது.

என்னைக் கேட்டால், புகைப்படத்தை வைத்து உலகச் சாதனைப் பட்டம் கொடுப்பது அவசரம். யாதகிரி 1988-ல் பெயரிட்ட கோட்டாசாரஸ் இதைவிட மிகச் சிறியது. ஆனால் அதன் எலும்புக்கூடு ஐதராபாத் பிர்லா அருங்காட்சியகத்தில் நிற்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம். கல்லமேட்டுப் பேருடலுக்கு இன்னொரு எலும்பு வேண்டும். அரியலூர்ப் பக்கம் ஓடையிலோ வயல்வரப்பிலோ கல்லாகிப்போன எலும்பு கண்ணில் பட்டால் பிடுங்காதீர்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, வாரணவாசி அருங்காட்சியகத்துக்கோ புவியியல் ஆய்வு மையத்துக்கோ தகவல் சொல்லுங்கள்.