ஒற்றைத் தலைவலியா? கடை மாத்திரை மட்டும் போதாதுங்க!

குற்றாலத்தில் சாரல் தொடங்கி, ஊரே அருவிக்குக் கிளம்பும்போது நீங்க மட்டும் இருட்டறையில் படுத்திருக்கிறீர்களா? "தலைவலிதானே" என்று வீட்டில் சொல்லலாம். ஆனால் மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலி நரம்பு சார்ந்த நோய். ஒருமுறை வந்தால் 4 முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கலாம். வேலை, சமையல், தூக்கம் எல்லாம் கெடும்.

வலி மாத்திரையை அடிக்கடி போட்டால், அதுவே தலைவலியை அதிகமாக்கும். மாதத்தில் பாதி நாள் தலைவலி என்றால் தள்ளிப்போடாதீங்க.

என்ன செய்யலாம்?

• வலி வந்த தேதி, நேரம், சாப்பிடாமல் இருந்ததா, தூக்கம் குறைந்ததா, போட்ட மாத்திரை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறியுங்கள்.
• அந்த நோட்டுடன் தென்காசி மாவட்ட அரசு தலைமை மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
• ஆலோசனைக்கு 104.
• திடீர்க் கடும் வலி, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி என்றால் உடனே 108.