128 ஜிபியில் 21 ஸ்னாப்ஷாட்

அட்டைப்பெட்டியில் 128 ஜிபி என்று அச்சிட்ட எஸ்எஸ்டியை லினக்ஸ் கணினியில் மாட்டினால் பல கருவிகள் 119.2 என்று காட்டும். தயாரிப்பாளர் ஒரு ஜிபிக்கு 100 கோடி பைட் எண்ணுகிறார். இக்கருவிகள் 107,37,41,824 பைட் எண்ணுகின்றன. இனி வரும் ஜிபி எல்லாம் இரண்டாவது கணக்கு. இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் பயனருக்காக ஒதுக்கிவைக்கும். அந்த 5.96 போக மீதி 113.2 ஜிபி. பழைய மடிக்கணினியை லினக்ஸ் போட்டு ஓட்டுபவருக்கு இயங்குதளம், செயலிகள், சொந்தக் கோப்புகள், இவற்றோடு அமைப்பின் ஒரு வேளை நிலையைப் பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டுகளும் இதற்குள் அடங்கியாக வேண்டும்.

ஸ்னாப்ஷாட் எடுக்கும் கருவியான டைம்ஷிஃப்ட்டை எழுதியவர் டோனி ஜார்ஜ். 2017இல் வந்த லினக்ஸ் மின்ட் 18.3 முதல் அது இயங்குதளத்தோடே வருகிறது. 2022 முதல் மின்ட் குழுவே அதைப் பராமரிக்கிறது. பணம் கேட்பதில்லை, இடம் கேட்கிறது. எத்தனை ஸ்னாப்ஷாட் வைத்திருப்பது என்பதற்கு அதன் இயல்பு எண்கள்: மாதம் 2, வாரம் 3, நாள் 5, மணி 6, பூட் 5. ஐந்து பெட்டியிலும் டிக் போட்டால் 21.

அதனால் 21 மடங்கு இடம் போய்விடாது. கோப்புகளை நகலெடுக்கும் அதன் ஆர்சிங்க் முறையில் முதல் ஸ்னாப்ஷாட் மட்டுமே முழு நகல். அடுத்தடுத்தவற்றில் மாறாத கோப்புகளுக்கு ஹார்டு லிங்க் போடப்படும்; ஒரே வீட்டுக்கு இன்னொரு பெயர்ப்பலகை மாட்டுவது போல. கோப்பின் உள்ளடக்கம் ஒரு தடவைதான் வட்டில் இருக்கும். ஆனால் ஃபோல்டருக்கு ஹார்டு லிங்க் போட முடியாது. ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டிலும் எல்லா ஃபோல்டர்களும் புதிதாகப் பிறக்கும். ஒவ்வொன்றும் குறைந்தது 4 கேபி பிடிக்கும். அமைப்பில் 30,000 ஃபோல்டர்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால் ஸ்னாப்ஷாட் ஒன்றுக்கு 117 எம்பி. எதுவுமே மாறாத நாளிலும் இந்த 117 எம்பி உண்டு. முதல் நகலை விட்டு மற்ற 20க்கும் சேர்த்தால் 2.3 ஜிபி. கோப்பு, ஃபோல்டர் ஒவ்வொன்றுக்கும் ஒன்று வேண்டிய ஐநோடுகளும் செலவாகும்: இஎக்ஸ்டி4 வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று வீதம் இந்த வட்டில் சுமார் 78 லட்சம் ஐநோடுகளை உருவாக்கும், 21 ஸ்னாப்ஷாட்டின் ஃபோல்டர்கள் மட்டும் 6.3 லட்சத்தை எடுத்துக்கொள்ளும். அது 8 சதவீதம்.

இதை ஒரு வரவு செலவாகப் போட்டுப் பார்க்கலாம். அமைப்பு 15 ஜிபி என்று கொள்வோம். அதன் முதல் நகல் இன்னொரு 15. ஃபோல்டர் செலவு 2.3. வாரம் 500 எம்பி அளவுக்குக் கோப்புகள் மாறினால், மாத ஸ்னாப்ஷாட் இரண்டும் நிற்கும் 8 வாரத்துக்கு அதிகபட்சம் 3.9. ஆக 113.2இல் 36.2 போய் 77 ஜிபி மிஞ்சும். பயப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். கணக்கைக் கவிழ்ப்பது பெரிய ஒற்றைக் கோப்பு. மெய்நிகர் இயந்திரத்தின் 20 ஜிபி வட்டுக் கோப்பு ஒன்று விலக்குப் பட்டியலில் சேராமல் போயிருந்தால், அதில் ஒரு பைட் மாறினாலும் ஆர்சிங்க் முறை 20 ஜிபியையும் மறுபடி எழுதும். ஐந்து நாள் ஸ்னாப்ஷாட்டுக்கு 100 ஜிபி. இருப்பதோ 77.

பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் இந்தத் தொல்லை சுருங்கும். 2009இல் லினக்ஸ் கெர்னல் 2.6.29இல் சேர்ந்த அது, 2020 அக்டோபரில் ஃபெடோரா 33இன் மேசைக்கணினிப் பதிப்புகளில் இயல்புத் தேர்வானது. மாறிய துண்டுகளை மட்டும் புதிய இடத்தில் எழுதும் முறை அது. அதே 20 ஜிபி கோப்பில் நாளுக்கு 200 எம்பி மாறினால் ஐந்து நாளுக்குச் சுமார் 1,000 எம்பிதான் கூடும். ஸ்னாப்ஷாட் எடுக்கச் சில நொடி போதும்.

ஆனால் இங்கே இடத்தை அளப்பது கடினம். பிடிஆர்எஃப்எஸ் அசிஸ்டன்ட் போன்ற கருவிகள், கோட்டா முறை இயக்கத்தில் இருந்தால், ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்கும் இரண்டு எண் காட்டும். ஒன்று அது தொடும் மொத்த அளவு. மற்றது அதற்கு மட்டுமே உரிய அளவு. 2 ஜிபி கோப்பு ஒன்றை நீங்கள் அழித்துவிட்டீர்கள். மூன்று ஸ்னாப்ஷாட்டில் அது இருக்கிறது. மூன்றிலும் "எனக்கு மட்டும் உரியது" என்ற பத்தியில் அந்த 2 ஜிபி வராது, ஏனெனில் மற்ற இரண்டும் அதைப் பங்குபோடுகின்றன. ஒன்றை நீக்கினால் விடுபடுவது 0. இரண்டாவதை நீக்கினாலும் 0. அதன்பின் மூன்றாவதற்கு எதிரே திடீரென 2 ஜிபி தோன்றும். அதையும் நீக்கினால்தான் இடம் திரும்பும். வட்டு நிரம்பிய பதற்றத்தில் ஒவ்வொன்றாக அழித்து "ஒன்றும் குறையவில்லையே" என்று தவிப்பவர்களுக்கு நடப்பது இதுதான். கோட்டா முறையை எப்போதும் இயக்கி வைத்திருந்தால், ஸ்னாப்ஷாட் நிறையச் சேரும்போது கணினி மந்தமாகும். அதனால் அளக்க வேண்டிய வேளையில் மட்டும் அதை இயக்குவது நல்லது.

சூசெ தந்த இன்னொரு ஸ்னாப்ஷாட் கருவியான ஸ்னாப்பரில் பார்க்க வேண்டியது இயல்பு எண்களை. அதன் பொது வார்ப்புரு மணி 10, நாள் 10, மாதம் 10, ஆண்டு 10 என்கிறது. ஆண்டு 10! தினமும் புதுப்பிப்பு வரும் ஆர்ச் போன்ற அமைப்பில் ஓர் ஆண்டுப் பழைய ஸ்னாப்ஷாட் என்றால் அமைப்பின் பழைய பிரதி ஏறக்குறைய முழுதாக வட்டில் உட்கார்ந்திருக்கும். அந்த எண்ணை 0 ஆக்கிவிடலாம். ஓப்பன்சூசெவின் ரூட் அமைப்பில் இந்தக் காலவரிசை ஸ்னாப்ஷாட் இயல்பாகவே அணைந்திருக்கும். பொதி நிறுவலுக்கு முன்னும் பின்னும் எடுப்பவை 2 முதல் 10 வரை மட்டுமே நிற்கும்.

இனி ஆப்இமேஜ். ஒரு செயலி, ஒரே கோப்பு, நிறுவல் கிடையாது. தலா 150 எம்பியில் 10 செயலி என்று கொண்டால் 1,500 எம்பி. அவற்றை எங்கே வைக்கிறோம் என்பதில் கணக்கு நான்கு மடங்கு மாறும். ஹோம் அடைவுக்குள் வைத்தால் டைம்ஷிஃப்ட் இயல்பாக அதைத் தொடாது: செலவு 1,500. ஆப்ட் என்ற அமைப்பு அடைவில் வைத்து மாதம் ஒரு புதுப்பிப்பு வந்தால், நடப்புப் பதிப்பு 1,500, ஸ்னாப்ஷாட்டில் அதன் நகல் 1,500, இரண்டு மாதப் பழைய பதிப்புகள் 3,000; கூட்டினால் 6,000 எம்பி. ஆப்இமேஜ்களை நிர்வகிக்கும் ஆப்இமேஜ்லாஞ்சரும் கியர் லீவரும் இந்தக் கோப்புகளை ஹோமுக்குள்தான் நகர்த்திவைக்கின்றன. அதை மாற்றாமல் விடுவதே சரி.

இன்னொரு பொதி வடிவமான ஃப்ளாட்பேக்கின் செயலிகள் ரன்டைம் எனும் பொது நூலகத் தொகுப்புகளைப் பங்கிட்டுக்கொள்ளும். செயலியை நீக்கினாலும் ஹோமில் உள்ள அதன் தரவு தானாகப் போகாது. வேர்ஹவுஸ் என்ற கருவி அந்த அநாதைத் தரவைத் தேடிக் காட்டும்; ஒரு செயலியின் தரவை மட்டும் தனி ஸ்னாப்ஷாட்டாகவும் எடுத்துத் தரும். அமைப்பை முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்தாமல் ஒரு செயலியை மட்டும் மீட்க முடிவது பெரிய நிம்மதி. டைம்ஷிஃப்ட்டில் ஹோமையும் சேர்த்துவிட்டால் அமைப்பும் தரவும் ஒன்றாகவே நகரும்: கெர்னல் கோளாறுக்காக மூன்று நாள் பின்னே போனால் மூன்று நாள் எழுதிய கடிதங்களும் போய்விடும். ஹோமுக்கு வேறு வட்டில் வேறு காப்பு எடுக்க வேண்டும். பிடிஆர்எஃப்எஸ் முறையில் டைம்ஷிஃப்ட் எடுப்பவை அதே வட்டில்தான் இருக்கும். வட்டு செத்தால் 21ம் சாகும்.

எம்எக்ஸ் லினக்ஸின் ஸ்னாப்ஷாட் கருவி வேறு வகை. ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பையே பூட் ஆகும் ஐஎஸ்ஓ கோப்பாகச் சுருக்கித் தரும். ஃபேட்32 பென்டிரைவில் ஒரு கோப்பு 4,294,967,295 பைட்டைத் தாண்ட முடியாது; அதாவது 4,096 எம்பிக்கு ஒரு பைட் குறைவு. ஆப்இமேஜ் ஏற்கெனவே ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸில் சுருங்கிய கோப்பு என்பதால் ஐஎஸ்ஓவுக்குள் மேலும் சுருங்காது. பத்துச் செயலியின் 1,500 எம்பி ஏறக்குறைய அப்படியே ஏறும். மீதி 2,596 எம்பிக்குள் அமைப்பு முழுவதும் அடங்க வேண்டும். ஆப்இமேஜ்களை விலக்குப் பட்டியலில் போட்டு, பத்துச் செயலியின் பெயரையும் பதிப்பு எண்ணையும் ஓர் உரைக் கோப்பில் எழுதி வைத்தால் அந்தக் கோப்புக்குச் சில நூறு பைட் போதும்.