மெயில் வருது... ஆனா போக மாட்டேங்குது!

திண்டிவனத்தில் ஒரு சின்ன அச்சகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கூடவே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு அட்டைப்பெட்டி லேபிள். அந்தக் கம்பெனிக்கு விலைப்பட்டியல் மாலை 5 மணிக்குள் மெயிலில் போய்ச் சேர வேண்டும். காலையிலேயே டைப் செய்து ‘சென்ட்’ அழுத்தியாகிவிட்டது. மூன்று மணிக்குச் சென்னையிலிருந்து போன்: “என்ன சார், இன்னும் ரேட் வரலையே?”

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால், விலைப்பட்டியல் அவுட்பாக்ஸிலேயே உட்கார்ந்திருக்கிறது. கூடவே, நேற்று அனுப்பியதாக நினைத்த நான்கு பில்களும்.

“அண்ணே, நமக்கு வர்ற மெயில் எல்லாம் வருது. நாம அனுப்புறதுதான் போக மாட்டேங்குது” என்கிறார் டி.டி.பி. பையன். லைன் கொடுத்த கேபிள்காரருக்கு போன் போட்டால், “ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்க, நூறு எம்.பி. வருதே!” என்கிறார். அவர் சொல்வதும் உண்மைதான். யூடியூப் தடையில்லாமல் ஓடுகிறது, வாட்ஸ்அப் பறக்கிறது. மெயில் மட்டும் நகரவில்லை.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மட்டும் என்றில்லை, சொந்த டொமைன் பெயரில் மெயில் வைத்திருக்கும் சிறு நிறுவனங்கள் பலவும் ஒரு முறையாவது இதில் மாட்டியிருக்கும். இணைய நிறுவனத்தை மாற்றிய மறுநாள், மோடம் மாற்றிய மறுநாள், புது ஜெராக்ஸ் மெஷின் வாங்கிய மறுநாள் என்று இது தொடங்கும். எல்லோரும் பாஸ்வேர்டைத்தான் முதலில் மாற்றிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் பாஸ்வேர்டில் ஒரு தப்பும் இருக்காது.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் ஒரு கேட்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே விக்கிரவாண்டி டோல்கேட் இருக்கிறது. சாலை ஒன்றுதான். ஆனால், சாவடியில் நெருங்கும்போது பல லேன்களாகப் பிரிகிறது. ஒரு லேனை மூடிவிட்டால் அதில் நிற்கும் வண்டி நகராது. பக்கத்து லேனில் பஸ் போய்க்கொண்டே இருக்கும். மூடிய லேனில் நிற்பவர் ‘ரோடு சரியில்லை’ என்று திட்டினால் எப்படி இருக்கும்? ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்ப்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும்போதும் இப்படி லேன்கள் உண்டு. ‘போர்ட்’ என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். இணையதளம் பார்ப்பது 443. மெயிலை இறக்கிக்கொள்வது 993 அல்லது 995. மெயிலை அனுப்புவதற்கு ஆதிகாலத்திலிருந்து இருந்து வரும் எண் 25. மெயில் அனுப்பும் முறைக்கு ‘எஸ்.எம்.டி.பி.’ என்று பெயர். 1982-ல் ஜான் போஸ்டல் என்ற அமெரிக்க அறிஞர் அதை எழுதி வெளியிட்டபோது, இணையத்தில் இருந்தவர்கள் பல்கலைக்கழக, ஆராய்ச்சிக்கூட ஆட்கள். ஒருவரையொருவர் நம்பினார்கள். ‘நீ யார், பாஸ்வேர்டு என்ன?’ என்று 25-ம் எண் கதவு கேட்டதே இல்லை.

அந்த நம்பிக்கை அப்போதே கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தது. 1978 மே மாதத்திலேயே கேரி துர்க் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி விற்பனைக்காரர், சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பர மெயிலைத் தட்டிவிட்டார். உலகின் முதல் ஸ்பாம் என்று அதைச் சொல்கிறார்கள். பிற்பாடு, வைரஸ் புகுந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அவற்றின் சொந்தக்காரர்களுக்கே தெரியாமல் ஆயிரக்கணக்கில் குப்பை மெயில் அனுப்ப ஆரம்பித்தன. எந்த வழியாக? கேள்வி கேட்காத அந்த 25 வழியாகத்தான்.

எனவே, இணைய நிறுவனங்கள் ஒரு முடிவுக்கு வந்தன. வீட்டு இணைப்புகளிலிருந்து 25-ம் எண்ணில் வெளியே போவதை அடைத்துவிடுவது. ஜப்பானில் 2005 வாக்கில் நிறுவனங்கள் வரிசையாக இதைச் செய்தன. குப்பை மெயில் அனுப்பும் நாடுகளின் பட்டியலில் முன்னணியில் இருந்த பிரேசில், நாடு முழுக்க இதை ஒரு திட்டமாகவே நடத்தி, அந்தக் கெட்ட பெயரிலிருந்து இறங்கியது. இந்தியாவிலும் பல நிறுவனங்களின் வீட்டு இணைப்புகளில் 25 மூடப்பட்டிருக்கும். பெரிய கிளவுட் நிறுவனங்களும் விதிவிலக்கு இல்லை. கூகுள் கிளவுட், அமேசான் ஆகியவற்றில் வாடகைக்கு எடுக்கும் சர்வர்களிலேயே 25-க்குத் தடை உண்டு.

‘இணையச் சமத்துவம்’ பேசும் நாட்டில் இப்படி அடைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். டிராய் பரிந்துரைத்த இணையச் சமத்துவக் கொள்கையை மத்திய அரசு 2018 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. ஆனால், வலைப்பின்னலின் பாதுகாப்புக்கான நியாயமான நடவடிக்கைகளுக்கு அதிலும் இடம் இருக்கிறது. அடைத்ததில் தப்பில்லை. அடைத்திருக்கிறோம் என்று புது இணைப்பு கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லாததுதான் குறை.

பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு கதவு

நல்லவேளையாக, மாற்றுவழி எப்போதோ வந்துவிட்டது. 1998-லேயே, வாடிக்கையாளர்கள் மெயில் ஒப்படைப்பதற்கென்று 587 என்ற தனி எண் ஒதுக்கப்பட்டது. அங்கே யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். 465 என்று இன்னொன்றும் உண்டு. அதில் தொடர்பு தொடங்கும்போதே பூட்டுப் போட்டுப் பேசும். 2018-ல் வந்த வழிகாட்டுதல் இந்த 465-ஐத்தான் முதலில் பரிந்துரைக்கிறது. பாஸ்வேர்டு கேட்கும் இந்த இரண்டையும் இணைய நிறுவனங்கள் பொதுவாக அடைப்பதில்லை.

ஆக, திண்டிவனத்து அச்சகத்துக்கு மருந்து சின்னதுதான். அவுட்லுக்கிலோ தண்டர்பேர்டிலோ அக்கவுன்ட் செட்டிங்ஸ் போய், ‘அவுட்கோயிங் சர்வர்’ என்ற இடத்தில் 25 என்று இருந்தால் அதை அழித்து 587 போட வேண்டும். பக்கத்தில் ‘ஸ்டார்ட் டி.எல்.எஸ்.’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 465 போட்டால் ‘எஸ்.எஸ்.எல்.’ என்பதை. ‘என் சர்வர் பாஸ்வேர்டு கேட்கும்’ என்கிற பொருளில் ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் போட மறந்தால் எண்ணை மாற்றியும் பயனில்லை.

அதற்கு நேரமில்லை, மணி நாலரை ஆகிவிட்டது என்றால்? பிரவுசரில் வெப்மெயில் திறந்து அங்கிருந்து அனுப்பிவிடுங்கள். அது 443 வழியாகப் போகிறது, இந்த அடைப்பு அதைத் தொடாது. ரிப்பேரை ராத்திரி பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால், எல்லாத் தடையும் 25-ஆல் வருவதில்லை. இங்கேதான் பலர் தப்பான ஆளைத் திட்டுகிறார்கள். திரையில் வரும் பிழைச் செய்தியைப் படித்தாலே பாதி புரிந்துவிடும். கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி ‘டைம் அவுட்’ என்று வந்தால், நடுவழியில் யாரோ கேட்டை மூடியிருக்கலாம். சட்டென்று ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று வந்தால், பெரும்பாலும் வீடு வரை போய்விட்டீர்கள், அந்தக் கதவில் ஆள் இல்லை. எண்ணைத் தப்பாகப் போட்டிருக்கலாம். 535 என்ற எண்ணுடன் ‘ஆதென்டிகேஷன்’ என்று வந்தால் அது பாஸ்வேர்டு விவகாரம். வழி திறந்துதான் இருக்கிறது. மெயில் போய், 550 அல்லது 554 என்று திரும்பி வந்தால், எதிர் வீட்டுக்காரர் வாங்க மறுத்திருக்கிறார்.

ஜிமெயில்காரர்களுக்கு ஒரு வார்த்தை: 2022 மே 30-லிருந்து பழைய சாஃப்ட்வேர்களில் வெறும் பாஸ்வேர்டு போட்டு நுழைவதை கூகுள் நிறுத்தத் தொடங்கியது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ‘ஆப் பாஸ்வேர்டு’ எடுத்துப் போட வேண்டும். இதையும் ‘நெட் பிளாக் ஆயிடுச்சு’ என்றே சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

போன் ஹாட்ஸ்பாட்: கையில் இருக்கும் சோதனைக்கூடம்

குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். பிராட்பேண்டைத் துண்டித்துவிட்டு, போன் ஹாட்ஸ்பாட்டில் கம்ப்யூட்டரை இணைத்து அதே மெயிலை அனுப்பிப் பாருங்கள். 25-ல் வேண்டாம், மொபைல் நிறுவனங்களும் அதை அடைத்திருக்கக்கூடும். 587-ல் அனுப்புங்கள். ஹாட்ஸ்பாட்டிலும் போகவில்லையா? கோளாறு உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கலாம், மெயில் சர்வரில் இருக்கலாம். ஆன்டிவைரஸின் ‘மெயில் ஷீல்டு’, விண்டோஸ் ஃபயர்வால் இரண்டையும் பாருங்கள்.

ஹாட்ஸ்பாட்டில் போகிறது, பிராட்பேண்டில் போகவில்லை. இப்போது கேபிள்காரர் மாட்டினார் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். அதே பிராட்பேண்டில் ஒரு ஜிமெயில் அக்கவுன்டை 587-ல் போட்டு முயன்று பாருங்கள். அது போய்விட்டால் லைன் சுத்தம். உங்கள் மெயில் சர்வர்தான் உங்கள் அலுவலகத்தைத் தடுத்து வைத்திருக்கிறது!

இது அடிக்கடி நடக்கிற கூத்து. பாஸ்வேர்டை மாற்றியிருப்பீர்கள். விழுப்புரம் கிளையில் யாரோ ஒருவரின் பழைய போனில் மட்டும் முந்தைய பாஸ்வேர்டு இருக்கும். அது சில நிமிடங்களுக்கு ஒரு முறை சர்வர் கதவைத் தட்டி, தப்பான சாவியைப் போட்டுக்கொண்டே இருக்கும். ‘யாரோ திருடன்’ என்று நினைத்து சர்வர் அந்த ஐ.பி. முகவரியையே தடை செய்துவிடும். அந்த இணைப்பில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சேர்த்துத் தண்டனை. அதோடு, இப்போது பல நிறுவனங்கள் ஒரே பொது ஐ.பி.யைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. முன்பின் தெரியாத ஒருவரின் கம்ப்யூட்டர் செய்த தப்புக்கு நீங்களும் நிற்க வேண்டியிருக்கும். மோடத்தை அணைத்துப் போட்டால் சில சமயம் வேறு ஐ.பி. கிடைத்துத் தப்பிக்கலாம். நிரந்தரத் தீர்வு, அந்தப் பழைய போனைத் தேடிப் பிடிப்பதும், ஹோஸ்டிங் கம்பெனியிடம் தடையை நீக்கச் சொல்வதும்தான்.

கோளாறு நடுவழியிலும் இல்லாமல், இரு முனையிலும் இல்லாமல், யாரும் நினைக்காத இடத்தில் இருந்த கதையும் உண்டு. திண்டிவனத்திலிருந்து சென்னை போகும் அதே ஜி.எஸ்.டி. சாலையில், கூடுவாஞ்சேரிக்கு அருகே தலைமையகம் வைத்திருக்கும் ஜோஹோவுக்கே அது நடந்தது. 2018 செப்டம்பர் 24-ல், ஃபிஷிங் புகார்களைக் காரணம் காட்டி, அதன் டொமைன் பெயரைப் பதிவு செய்திருந்த அமெரிக்க நிறுவனம் அந்தப் பெயரையே முடக்கிவிட்டது. சர்வர்கள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. அங்கே போகும் முகவரிதான் காணாமல் போனது. மெயில் திறக்க முடியாமல் ஏராளமானோர் தவித்தார்கள். ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியிருந்தது. சில மணி நேரத்தில் தடை நீங்கியும், முகவரி எல்லா ஊருக்கும் திரும்பப் பரவ மேலும் நேரம் பிடித்தது.

உண்மையிலேயே இணைய நிறுவனம் 587-ஐயும் 465-ஐயும் அடைத்திருந்தால், வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். ‘நெட் வரலை’ என்று சொன்னால் ஸ்பீடு டெஸ்ட்தான் பதில். ‘587-ல் வெளியே போக முடியவில்லை’ என்று எண்ணோடு எழுதிப் புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். டிராய் விதிமுறைப்படி ஒவ்வொரு நிறுவனமும் அப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும், கட்டணம் கிடையாது. அலுவலகத்திலேயே சொந்த மெயில் சர்வர் நடத்துபவர்களுக்கு மட்டும்தான் 25 நிஜமாகத் தேவை. அவர்கள் ஸ்டேட்டிக் ஐ.பி. வாங்கி, 25-ஐத் திறக்கக் கேட்க வேண்டும். இல்லையென்றால் வேறொரு ‘ரிலே’ சேவை வழியாக அனுப்ப வேண்டும்.

செய்யக்கூடாத ஒன்று: கூகுளில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ தேடி முதலில் வரும் எண்ணுக்கு அடிப்பது. ஸ்கிரீன் பகிரும் ஆப் போடச் சொல்லி, மெயில் பாஸ்வேர்டு கேட்டு, அதை வைத்து உங்கள் வாடிக்கையாளர்களுக்கு ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று மெயில் போட்டுவிடுவார்கள். பணம் போய்விட்டால் உடனே 1930.

கம்ப்யூட்டரைச் சரிசெய்ததும் ஜெராக்ஸ் மெஷினை மறந்துவிடாதீர்கள். ‘ஸ்கேன் டு மெயில்’ வசதியில் பெரும்பாலும் 25 என்றே பதிந்திருக்கும். கேமரா டி.வி.ஆரின் எச்சரிக்கை மெயில், டாலியிலிருந்து நேராகப் போகும் பில் ஆகியவற்றிலும் இந்த எண்ணைப் பாருங்கள். டி.வி.ஆரில் மெயில் நின்று மாதக்கணக்கானாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள், திருட்டு நடக்கிற வரை.

இன்னொன்று. 587 போட்டு ‘ஓகே’ கொடுப்பதற்கு முன் அவுட்பாக்ஸை ஒரு முறை திறந்து பார்த்துவிடுவது நல்லது. போகவில்லையே என்று பதற்றத்தில் அதே விலைப்பட்டியலை நான்கைந்து தடவை அனுப்பியிருப்பீர்கள். கேட் திறந்ததும் அத்தனையும் ஒரே நேரத்தில் சென்னைக்குக் கிளம்பிவிடும். அதில் ஒன்றில் பழைய ரேட் இருக்கும்.