முந்திரிக்கு டிரோன் தெளிப்பு: பணம் கொடுக்குமுன் துளியைப் பாருங்கள்

பண்ருட்டி, காடாம்புலியூர் பகுதி விவசாயிகளுக்குத் தேயிலைக் கொசுவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. முந்திரி துளிர்விடும்போதும் பூக்கும்போதும் இப்பூச்சி சாற்றை உறிஞ்சுவதால் தளிரும் பூங்கொத்தும் கருகிவிடும். விசைத்தெளிப்பானைத் தோளில் சுமந்து அடித்தாலும் உச்சிக் கிளைக்கு மருந்து எட்டுவதில்லை. அண்ணாந்து அடிப்பவர் முகத்தில்தான் பாதி விழுகிறது. எனவே பலரும் டிரோன் பற்றி விசாரிக்கின்றனர்.

டிரோன் பறந்தாலே மருந்து சீராக விழும் என்று எண்ணிவிடக் கூடாது. விசிறிக் காற்று துளிகளைக் கீழே தள்ளுகிறது. உயரம் கூடினால் துளி காற்றோடு போய்விடும். வேகம் கூடினால் இடையில் திட்டுத் திட்டாக விட்டுப்போகும். நெல்லும் மணிலாவும் சமமாக நிற்பவை. முந்திரி மரம் அப்படியல்ல. தழை அடர்ந்த மரத்தில் உச்சி நனைந்து, பக்கக் கொத்துகள் காய்ந்தே நிற்கும். 2011 டிசம்பர் 30-ல் வீசிய தானே புயலுக்குப் பின் நட்ட ஒட்டு மரங்களைக் கவாத்து செய்து குட்டையாக வைத்திருப்போருக்கு டிரோன் ஓரளவு பொருந்தும். பழைய விதைக்கன்று மரங்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

சோதிக்க எளிய வழி உண்டு. நீர் பட்டால் நீலமாகும் மஞ்சள் காகிதத்தை உச்சியிலும், நான்கு பக்கங்களிலும், உட்கிளையிலும் கட்டுங்கள். காகிதம் கிடைக்காவிடில் வெள்ளைத் தாளைக் கட்டி, தண்ணீரில் நீலச் சாயம் கலக்கலாம். மருந்தில்லாமல் வெறும் நீரை ஒருமுறை தெளிக்கச் சொல்லுங்கள். புள்ளிகள் எங்கும் நெருக்கமாக விழுந்தால் மருந்து கலக்கச் சொல்லலாம். ஓரத்தில் புள்ளி இல்லாவிடில் உயரத்தையும் வேகத்தையும் குறைத்து மறுபடி பார்க்க வேண்டும்.

அடுத்தது மருந்தின் அளவு. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் நீர் பிடிக்கும் பயிருக்கு டிரோனில் சுமார் 10 லிட்டரே செலவாகும். நீர்தான் குறைகிறது, ஏக்கருக்கான மருந்து குறைவதில்லை. லிட்டருக்கு இத்தனை மில்லி என்ற பழைய கணக்கில் கலந்தால் இருபதில் ஒரு பங்கு மருந்தே வயலில் விழும். சரியாகக் கலந்தாலோ கரைசல் இருபது மடங்கு வீரியமாகிறது. கலப்பவருக்குக் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். முந்திரிக்கு நீர் இன்னும் கூடுதலாக வேண்டும். அந்த அளவை விருத்தாசலம் வேளாண்மை அறிவியல் நிலையத்தில் கேட்டறியுங்கள். தண்டுத் துளைப்பானுக்கு டிரோன் பயன்படாது. அது அடிமரத்தில் அல்லவா இருக்கிறது!

வானத்திலிருந்து முந்திரிக்கு மருந்தடிப்பது புதிதன்று. கேரளத்தின் காசர்கோட்டில் இதே தேயிலைக் கொசுவுக்காக, 1970-களின் பிற்பகுதி முதல் 2000 வரை அரசுத் தோட்டங்களில் ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்பான் தெளித்தார்கள். தோட்டங்களுக்கு நடுவே வீடுகளும் கிணறுகளும் ஓடைகளும் இருந்தன. அங்கு வாழ்ந்தோர் பட்ட துன்பம் நாடறிந்தது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அம்மருந்துக்குத் தடை விதித்தது. டிரோன் தாழப் பறக்கிறது என்பது உண்மையே. ஆனால் நம் தோப்புகளும் வீடுகளை ஒட்டியவைதாம்.

ஆகவே கிணறு, தொட்டிகளை மூடுங்கள். கால்நடைகளை அப்புறப்படுத்துங்கள். 24 மணி நேரம் முன்னதாக ஊராட்சிக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் தெரிவியுங்கள். பூக்கும் காலத்தில் தேனீ நடமாட்டம் ஓய்ந்த மாலையில், காற்று அடங்கிய பின் தெளிப்பதே முறை. செவ்வெறும்புக் கூடுள்ள மரங்களை விட்டுவிடுங்கள். தேயிலைக் கொசுவைப் பிடித்துத் தின்னும் அவை கூலி கேட்பதில்லை.

டிரோன் இயக்குபவரிடம் பயிற்சிச் சான்றிதழ் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நெய்வேலியில் விமான ஓடுதளம் இருப்பதால், உங்கள் தோப்பு எந்த வான் மண்டலத்தில் வருகிறது என்பதையும் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்.