பதினேழு பேரும் ஒரு பூச்சியமும்

காய்ச்சலின் வரலாறு: 9

திருகோணமலைப் பட்டினத்தை விட்டு நிலாவெளி வீதி வழியே வடக்கு நோக்கி ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் சென்றால், பனையும் பற்றையும் உவர்மணலும் மாறிமாறி வருகிற சாம்பல்தீவுப் பகுதியில், புல் ஒட்ட வெட்டப்பட்டு, கற்கள் வரிசை பிசகாமல் நடப்பட்டு, ஒரு சருகும் கிடக்க விடாமல் பேணப்படும் மயானம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் மாண்ட பொதுநலவாயப் படையினர் முந்நூறு பேரளவில் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். 1942ஆம் வருஷம் ஏப்ரில் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்த கதையை முதியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவனாகையால், அக்கற்களின்கீழ் உள்ளவர் யாவரும் குண்டுபட்டே இறந்தவர்கள் என்று சிறுவயதில் நம்பியிருந்தேன். வயது வந்தபின் ஒரு மாலைப்பொழுதில், வேலையொன்றும் இல்லாமல் வரிசை வரிசையாகத் திகதிகளைப் படித்துக்கொண்டு போனபோதுதான், அந்த ஏப்ரில் மாதத்துக்குச் சம்பந்தமே இல்லாத நாட்கள் பல அங்கே பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டு, குண்டு மாத்திரமன்றிக் காய்ச்சலும் அவர்களில் சிலரைக் கொண்டுபோயிருக்கலாம் என்று எண்ணினேன்.

ரொனால்ட் ரோஸ் 1897இல் செகந்தராபாத்தில் நுளம்பின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். கண்டுபிடித்தவருக்குக் கீர்த்தி வந்தது. ஆனால் கண்டுபிடித்ததை நடைமுறைக்குக் கொண்டுவரும் செலவை ஏற்பது தனவந்தரின் தர்மமா, அரசாங்கத்தின் கடமையா என்ற வழக்கு அன்று தொடங்கியது இன்னும் தீர்ந்தபாடில்லை. யுத்தகாலத்தில் மாத்திரம் அந்த வழக்கைச் சிறிது காலம் ஒத்திவைத்தார்கள். பர்மாப் போர்முனையில் காயம்பட்டு வீழ்ந்தவர்களைவிட நோயில் வீழ்ந்தவர்கள் பன்மடங்காக இருக்க, உலகத்துக் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்கை விளைவித்து வந்த ஜாவாத்தீவும் 1942இல் ஜப்பானியர் வசமாகிவிட, அதுவரை ஆராய்ச்சிக்குக் கிள்ளிக் கொடுத்து வந்த அரசாங்கங்கள் அள்ளிக் கொடுக்கத் தொடங்கின. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் கைகி கம்பனியைச் சேர்ந்த போல் முல்லர் என்பவர் 1939இல் பூச்சிகொல்லும் சக்தி உடையதென்று கண்டறிந்த டி.டி.ரி. என்ற வெண்தூள், அவர் 1948இல் நோபெல் பரிசு பெறுவதற்கு வெகு முன்னதாகவே, நேப்பிள்ஸ் நகரத்து ஜனங்களின் சட்டைக்குள் ஊதப்பட்டுப் பேனை ஒழித்து, டைபஸ் காய்ச்சலை அடக்கிவிட்டிருந்தது. அங்கே ஊதுகுழலைப் பிடித்தவர்களில் நேசநாட்டுப் படையினரும் இருந்தார்கள். ரொக்பெல்லர் ஸ்தாபனத்தின் வைத்தியர்களும் இருந்தார்கள்.

அந்த ஸ்தாபனத்துக்கும் நமது தீவுக்கும் உள்ள உறவு யுத்தத்துக்கு மிக முந்தியது. தர்மப் பணம் வைத்திய ஆராய்ச்சிக்குள் புகுந்த முதல் உதாரணம் அதுவென்று சொல்லுவதற்கில்லை. கொழும்பிலே டி சொய்சா குடும்பத்தாரின் நன்கொடையால் எழுந்த பக்டீரியா ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்துதான் கஸ்தெல்லானி என்ற இத்தாலிய வைத்தியர், நம்மூரார் பறங்கி என்று அழைக்கும் வியாதியின் கிருமியை 1905இல் கண்டறிந்தார். ஆயினும், கொள்கை வேறு, கொடை வேறு என்ற விஷயத்தை நம்மவருக்குப் பிரத்தியட்சமாகக் காட்டியது ரொக்பெல்லர் ஸ்தாபனத்தார் 1916இல் தேயிலைத் தோட்டங்களில் தொடங்கிய கொளுக்கிப்புழு ஒழிப்பு வேலையே ஆகும். லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களைத் திரட்டி, தைமோலும் பின்னர் கீனப்போடியம் எண்ணெயும் கொடுத்தார்கள். மருந்துக்குத் துரைமார் தடை சொல்லவில்லை. சோகை நீங்கினவள் கூடுதலாகக் கொழுந்து பறிப்பாள் என்பது அவர்களுக்கு எளிதில் விளங்கிய கணக்கு. லயத்துக்கு லயம் மலசலகூடம் கட்டுங்கள், இல்லாவிட்டால் வெறுங்காலோடு அசுத்த மண்ணில் நடக்கிறவர்களுக்குப் புழு திரும்பவும் ஏறும் என்று சொன்னபோதுதான் அவர்கள் முகஞ் சுளித்தார்கள். புழுவும் சொன்னபடி திரும்பி ஏறியது. மாத்திரையை வெளியார் கொடுக்கலாம், ஆனால் குழி வெட்டுவது ஊரின் வேலை, அதை ஊர் செய்யும்படி பார்ப்பது அரசின் வேலை என்று அந்தத் தர்மவான்களே பட்டு அறிந்தார்கள். அதன் பயனாக 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டபோது, தொடக்கச் செலவில் ஒரு பங்கைத் தாங்கள் ஏற்று, காலக்கிரமத்தில் அரசாங்கமே முழுவதையும் ஏற்கவேண்டுமென்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். இன்று நமது வாசலுக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் மருத்துவிச்சிக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

1934ஆம் வருஷத்தில் மழை பொய்த்து, மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் ஓட்டம் நின்று மணற்படுக்கையில் குட்டை குட்டையாகத் தேங்க, தெளிந்த தேங்கு நீரை விரும்பும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற நுளம்பு அங்கே பெருகி, கேகாலை, குருநாகல் பக்கங்களில் மூண்ட காய்ச்சலில் அடுத்த ஆண்டுக்குள் சுமார் 80,000 பேர் மடிந்தார்கள். இந்தப் பெரும் உற்பாதத்தை எல்லா நூல்களும் விவரிக்கின்றன. எனக்கு அதில் உறுத்துகிற சங்கதி வேறு. வறண்ட வலயமாகிய நமது கிழக்கிலும் வன்னியிலும் முறைக்காய்ச்சல் ஒவ்வொரு மாரியிலும் வந்து போகிற பழகிய விருந்தாளி; மண்ணீரல் வீங்கி வயிறு முன்தள்ளிய பிள்ளைகள் ஒவ்வொரு குளக்கரைக் கிராமத்திலும் இருந்தார்கள். ஆண்டுதோறும் ஒரே அளவில் நிகழும் சாவு கொள்ளைநோய் என்ற பெயரைப் பெறுவதில்லை. பெயர் பெறாததற்கு நிதியும் விசாரணைக் கமிஷனும் கிடைப்பதில்லை. தர்மஸ்தாபனமோ மந்திரிசபையோ எதுவானாலும், வரைபடத்தில் உயர்ந்தெழும் கோட்டைப் பார்த்துத்தான் பதறுகிறதேயன்றி, உயரத்திலேயே கிடையாகக் கிடக்கும் கோட்டைப் பார்த்து அல்ல.

1946இல் வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. அடிக்கும் திட்டம் நாட்டளவில் விரிந்தது. இதற்குப் பணம் பெரும்பாலும் இலங்கை அரசாங்கத்தின் சொந்தக் கஜானாவிலிருந்தே வந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். முதுகிலே தகரத்தைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள், ஓலைச்சுவரும் மண்சுவரும் நனைய அடித்துவிட்டு, கதவிலே திகதியை எழுதிப் போவார்கள் என்று எங்கள் அம்மம்மா சொல்லுவார். அவர் நினைவில் நின்றது காய்ச்சல் போனதைவிட மூட்டைப்பூச்சி செத்ததே. பாயைத் தூக்கி உதறினால் கைநிறைய விழுந்ததாம்! பொங்கலுக்கு முன்னே அடித்துவிட்டுப் போனால், பொங்கலுக்கென்று சாணமிட்டு மெழுகி மருந்தை மறைத்துவிடுவதும் உண்டாம். அதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார். நாடளாவிய மரண விகிதம், 1946இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்தது, அடுத்த வருஷமே 14 அளவுக்கு இறங்கியது. இதனை மருந்தின் மகிமை என்று ஒரு சாராரும், உணவும் ஆஸ்பத்திரியும் பிரசவ விடுதியும் பெருகியதன் விளைவென்று மற்றொரு சாராரும் நெடுங்காலம் வாதாடினார்கள். இரண்டும் கலந்தது என்பதே என் அபிப்பிராயம். மலேரியா அருகிய மாவட்டங்களிலும் மரணம் குறைந்திருக்கிறது, மிகுந்த மாவட்டங்களில் இன்னும் வேகமாகக் குறைந்திருக்கிறது.

1955இல் உலக சுகாதார ஸ்தாபனம் மலேரியாவைப் பூண்டோடு ஒழிப்பதென்று பிரகடனம் செய்தது. அமெரிக்கக் காங்கிரஸ், 1958 முதல் ஐந்து வருஷத்துக்கென்று எல்லை குறித்து அதற்குப் பணம் ஒதுக்கியது. ஐந்து வருஷத்தில் ஒழிந்துவிடப்போகிற நோய்க்கு ஆராய்ச்சி எதற்கு, இளைஞன் ஒருவன் அதைப் படித்து என்ன பயன் என்ற நினைப்பு எங்கும் பரவிற்று; ஒழிந்தது மலேரியா அல்ல, மலேரியா நிபுணர்களே என்று அத்துறையினர் பிற்காலத்தில் தங்களுக்குள் கேலி பேசிக்கொண்டார்கள். இலங்கையிலோ வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் வந்தே விட்டது. 1963ஆம் வருஷம் முழுவதும், நாடு முழுவதும், கண்டறியப்பட்ட நோயாளிகள் 17 பேர்.

பதினேழு பேருக்காக எத்தனை பேர் சம்பளம் வாங்குவது? நிதி மந்திரியின் ஆசனத்தில் நான் இருந்திருந்தாலும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டிருப்பேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மருந்தடிப்பு நின்றது, இரத்தம் குத்திப் பார்ப்பது தளர்ந்தது. 1967ஐ ஒட்டி மழை மறுபடியும் பொய்த்து, எலகெர பக்கத்தில் மாணிக்கக்கல் தோண்ட நாலா திசையிலிருந்தும் திரண்ட ஜனங்கள், தோண்டிய குழிகளின் ஓரத்திலேயே கொட்டில் போட்டுப் படுத்துக் காய்ச்சலை வாங்கிக்கொண்டு அவரவர் ஊருக்குத் திரும்ப, 1969இல் நோயாளிகளின் தொகை ஐந்து லட்சத்தைக் கடந்தது. நுளம்புக்கு டி.டி.ரி. பழகிப்போயிருந்தது. 1977இல் மலத்தியன் வந்தது. அதன் நாற்றத்துக்குப் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டவர்களை நானே அறிவேன்.

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1980களும் 1990களும் ஏற்றமும் இறக்கமுமாகக் கழிந்தன. உள்நாட்டு யுத்தம் நடந்த மாவட்டங்களிலும் மலேரியா தடை இயக்கத்தின் உத்தியோகத்தர்கள் தம் வேலையை விட்டுவிடவில்லை. 2002இல் ஜெனீவாவில் நிறுவப்பட்ட உலகளாவிய நிதியம், அரசுகளின் பணத்தையும் கேட்ஸ் அறக்கட்டளை போன்றவற்றின் தர்மப் பணத்தையும் ஒரே பெட்டியில் போட்டுப் பகிர்வது. அதன் உதவி இலங்கைக்கும் வந்தது. மருந்து தோய்த்த வலைகள் வந்தன. திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, மன்னார் மாவட்டங்களில் டெட்ஹா என்ற அரசுசாரா நிறுவனத்தார், இயக்கத்தோடு சேர்ந்து, காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரிசையில் நிறுத்தி விரலில் குத்தி இரத்தம் பார்த்தார்கள். 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய நோயாளி ஒருவரும் கண்டறியப்படாத நிலையில், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற தேசமென்று அத்தாட்சிப்படுத்தியது.

இங்கேதான் 1963 மறுபடியும் வாசலில் வந்து நிற்கிறது. நோய் இருக்கும் தேசங்களுக்கே நிதியம் முதலில் கொடுக்கவேண்டும் என்பது நியாயமே. ஆகவே நோயை வென்றவனுக்கு உதவி குறைகிறது. வென்றதைக் காக்கும் செலவு தர்மக் கணக்கில் ஏறுவதில்லை. குணமான குழந்தையின் படத்தை ஆண்டறிக்கையின் அட்டையில் போடலாம். நோயே வராத குழந்தையின் படத்தை எதற்குப் போடுவது? அச்செலவை வரிப்பணத்தால்தான் தாங்கவேண்டும், தாங்குவதற்குரிய கொள்கையும் கொழும்பில்தான் உருவாகவேண்டும். 2018இன் இறுதியில் மொனராகலையில், காய்ச்சலோடு வந்த ஓர் அயல்நாட்டுத் தொழிலாளியிடமிருந்து உள்ளூரவர் ஒருவருக்கு மலேரியா தொற்றியபோது, அது இரண்டாவது ஆளோடு நின்றதற்குக் காரணம், பார்க்க ஆள் இருந்தார்கள் என்பதே. மன்னாரில், இந்தியப் பட்டினங்களின் கிணறுகளிலும் தொட்டிகளிலும் வளரும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய நுளம்பு குடியேறியிருப்பதை இயக்கத்தார் 2017இல் அறிவித்தார்கள். யாழ்ப்பாணத்தில் அதே இனம் பரவியதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையினர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சம்பளம் வாங்குவது அரசாங்கத்திடம்.

சென்ற மாதம் சாம்பல்தீவில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, இயக்கத்து உத்தியோகத்தர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து கிணற்றைப் பார்க்க அனுமதி கேட்டார். வாளியை மெதுவாக, நீர் கலங்காதபடி இறக்கி, மொண்டு, வெள்ளைத் தட்டிலே ஊற்றிக் குந்தியிருந்தார். மூன்று கூத்தாடிகள் நெளிந்தன. நீர்மட்டத்தோடு கிடையாகக் கிடந்தால் அனோபிலிஸ் என்றும், தலைகீழாகத் தொங்கினால் வேறு சாதி என்றும் எனக்கு விளக்கினார். மூன்றும் தலைகீழாகவே தொங்கின. கிணற்றில் விடுவதற்கென்று ஒரு போத்தலில் கப்பி மீன்களும் கொண்டுவந்திருந்தார்.

“மலேரியாதான் நாட்டில இல்லையெண்டு சொல்லிப்போட்டாங்களே, பிறகேன் தம்பி வெயிலுக்க அலையிறீங்கள்?” என்று வீட்டுக்கார அக்கா கேட்டார்.

“வந்து பார்த்தாத்தானே அக்கா, இல்லையெண்டு எழுதலாம்” என்று சொல்லி, மடித்த படிவத்தை முழங்காலில் விரித்து, உரிய கட்டத்தில் ஒரு பூச்சியத்தைப் போட்டார். பிறகு தட்டு நீரைக் கிணற்றுக்குள் ஊற்றாமல், எழுந்துபோய் வாழையடியில் கவிழ்த்துவிட்டு, அடுத்த வீட்டுக் கிணற்றுக்குத் துலாவா கப்பியா என்று விசாரித்தார்.