ஸ்கூட்டரை ஏன் சாய்க்கிறார்கள்?

காலை நேரம். அலுவலகத்துக்குப் புறப்பட்ட ஒருவர் தம் பழைய ஸ்கூட்டரின் கிக்கரை மிதிக்கிறார். எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டு அடங்கிவிடுகிறது. மீண்டும் மிதிக்கிறார்; பலனில்லை. பிறகு வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சில விநாடிகள் பிடித்திருந்து, நிமிர்த்தி மிதிக்கிறார். புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் ஓடத் தொடங்குகிறது!

இக்காட்சியை நீங்களும் பார்த்திருக்கலாம். 1972ஆம் ஆண்டு வெளிவந்த பஜாஜ் சேத்தக் போன்ற ஸ்கூட்டர்கள் சில வீடுகளில் இன்றும் ஓடுகின்றன. வண்டியைச் சாய்த்தால் எஞ்சின் ஏன் கிளம்புகிறது? சில நாள்களில் சாய்த்தும் ஏன் கிளம்புவதில்லை? இதற்கு விடை காண, முதலில் எஞ்சினின் தேவைகளைத் தெரிந்துகொள்வோம்.

மூன்று தேவைகள்

பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று பொருந்தவேண்டும். ஒன்று, பெட்ரோல் ஆவியும் காற்றும் சரியான அளவில் கலந்த கலவை. இரண்டு, அக்கலவையை நன்றாக அழுத்தும் பிஸ்டன். மூன்று, சரியான கணத்தில் வலுவான மின்பொறி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் எஞ்சின் முரண்டு பிடிக்கும்.

பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. அதன் ஆவிதான் எரிகிறது. 1 கிராம் பெட்ரோல் முழுவதும் எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும். அதாவது, ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று! இந்தக் கலவையைத் தயாரிப்பதுதான் கார்புரேட்டரின் வேலை.

கார்புரேட்டரில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. மாடித் தொட்டி நிரம்பியதும் குழாயை அடைக்கும் பந்து மிதவையைப் போல, இங்கும் ஒரு மிதவை பெட்ரோல் மட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கிறது. எஞ்சின் உறிஞ்சும் காற்று ஒரு குறுகலான பாதை வழியே விரைந்து செல்கிறது. அங்கே வேகம் கூடுவதால் அழுத்தம் குறைகிறது. உடனே கிண்ணத்துப் பெட்ரோல், ஜெட் என்ற நுண்துளை வழியே மேலேறி, காற்றில் சாரலாகத் தெறிக்கிறது. இப்படித் தெளிக்கும் கார்புரேட்டரை 1893ஆம் ஆண்டு உருவாக்கியவர் ஜெர்மானியப் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக்.

கிளம்பும் நேரமே கடினமான நேரம்

ஓடிக்கொண்டிருக்கும்போது நன்றாக ஓடும் எஞ்சின், கிளம்பும்போது மட்டும் ஏன் தகராறு செய்கிறது? காரணம் எளியது. காலால் மிதிக்கும்போது எஞ்சின் மெதுவாகத்தான் சுழல்கிறது. ஆகவே காற்றின் வேகம் குறைவு; உறிஞ்சப்படும் பெட்ரோலும் குறைவு. எஞ்சின் குளிர்ந்திருப்பதால் வந்த பெட்ரோலிலும் ஒரு பகுதிதான் ஆவியாகிறது. மீதி சுவர்களில் துளிகளாக ஒட்டிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, காந்தச் சக்கரம் மெதுவாகச் சுழல்வதால் உண்டாகும் மின்பொறியும் வலுக்குறைந்தது.

இப்படி எல்லாமே குறைவாக இருக்கும் கணத்தில், சிறு கோளாறும் பெரிதாகிவிடுகிறது. எஞ்சின் வேகம் பிடித்துவிட்டால் அதே கோளாறு மறைந்துகொள்ளும்.

இப்போது சாய்க்கும் இரகசியத்துக்கு வருவோம். வண்டியைச் சாய்க்கும்போது கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டம் சரிகிறது. மிதவையின் நிலையும் மாறுகிறது. கொஞ்சம் பெட்ரோல் ஜெட்டைத் தாண்டிக் காற்றுப் பாதைக்குள் வழிகிறது. உறிஞ்சிக் கொடுக்க முடியாத பெட்ரோலை ஊற்றிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். கலவை செறிவாகிறது, எஞ்சின் கிளம்புகிறது. 'சோக்' கம்பியை இழுத்தாலும் இதே பலன்தான். அது காற்றின் வழியைக் குறைத்து, பெட்ரோலின் பங்கைக் கூட்டுகிறது.

அப்படியானால், தினமும் சாய்த்தால்தான் கிளம்பும் என்ற நிலை எதைக் காட்டுகிறது? சோக் சரியாக மூடவில்லை, அல்லது ஜெட்டில் அடைப்பு, அல்லது கிண்ணத்தில் மட்டம் குறைவு. சாய்ப்பது காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவதைப் போன்றது. நோய் அப்படியே இருக்கும்!

பிளக் சொல்லும் செய்தி

சாய்த்தும் கிளம்பவில்லை என்றால், மேலும் மேலும் மிதிப்பதில் பயனில்லை. எரியாத பெட்ரோல் உள்ளே சேர்ந்து ஸ்பார்க் பிளக்கை நனைத்துவிடும். அனுபவமுள்ள மெக்கானிக் பிளக்கைக் கழற்றி அதன் முனையை உற்று நோக்குவார். மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வது போலத்தான் இதுவும்.

முனை இளம்பழுப்பாக இருந்தால் எஞ்சின் நலம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோலோ எண்ணெயோ மிகுதி. நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, ஆனால் எரியவில்லை. பலமுறை மிதித்தும் முனை காய்ந்தே இருந்தால் பெட்ரோல் வந்து சேரவே இல்லை.

பழைய ஸ்கூட்டர்களின் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலுடன் எண்ணெயையும் கலந்து ஊற்றுவார்கள். எனவே கரி படிவது அதிகம். கரி மின்சாரத்தைக் கடத்தும். டார்ச் செல்லின் நடுவே கரித்தண்டு இருப்பதை நினைத்துப் பாருங்கள். பிளக்கின் இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவுதான். அதை மின்சாரம் தாண்டினால் பொறி உண்டாகும். கரி பாலம் போட்டுவிட்டால் மின்சாரம் தாண்டுவானேன்? பாலத்தின் வழியே ஒழுகிவிடும். பிளக்கைத் துடைத்து, கரியைச் சுரண்டியதும் வண்டி கிளம்புவது இதனால்தான்.

பொறியைச் சோதிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. காற்றை அழுத்த அழுத்த, மின்சாரம் அதைத் தாண்டுவது கடினமாகிறது. வெளியே பொறி தரும் பிளக், அழுத்தம் மிகுந்த சிலிண்டருக்குள் தராமல் போகலாம். ஆகவே பளிச்சென்ற நீலப் பொறி வேண்டும். மங்கலான மஞ்சள் பொறியை நம்பக்கூடாது. பொறி மங்கினால் பாயிண்டுகள் தேய்ந்திருக்கலாம். அருகிலுள்ள மின்தேக்கி பழுதாகியிருக்கலாம்.

எந்த வரிசையில் தேடுவது?

எளியதில் தொடங்கிக் கடினமானதற்குப் போகவேண்டும். டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா? பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா? மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறதா? (அது அடைபட்டால் பெட்ரோல் இறங்காது.) பிறகு பிளக். அடுத்து கார்புரேட்டர். கிக்கரை மிதிக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் லேசாக இறங்கினால், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து அழுத்தம் கசிகிறது என்று பொருள். சைலன்சர் கரியால் அடைபட்டாலும் தொல்லைதான். எரிந்த வாயு வெளியேறாவிட்டால் புதிய கலவை எப்படி உள்ளே வரும்?

மாதக்கணக்கில் நின்ற வண்டியென்றால் பெட்ரோலையே சந்தேகிக்க வேண்டும். எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துபோய், மீதி பிசினாகி ஜெட்டை அடைக்கும். இன்று பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் ஈரத்தையும் ஈர்க்கும்.

ஒரு முக்கிய விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். பிளக்கையும் மாற்றி, கார்புரேட்டரையும் கழுவி, பாயிண்டையும் திருகினால் வண்டி கிளம்பக்கூடும். ஆனால் கோளாறு எது என்று யாருக்கும் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானிகள் பின்பற்றும் முறையும் இதுவே.

எச்சரிக்கை! பெட்ரோல் ஆவி கடுங்குளிரிலும் தீப்பற்றும். பொறிச் சோதனையைப் பெரியவர்களே, பெட்ரோல் சிந்தாத இடத்தில், திறந்திருக்கும் பிளக் துளைக்குத் தள்ளிச் செய்யவேண்டும். மூடிய அறையில் எஞ்சினை ஓட்டவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். அதற்கு மணமும் கிடையாது.

செய்து பாருங்கள்

பெட்ரோல் இல்லாமலேயே கார்புரேட்டரைப் புரிந்துகொள்ளலாம். ஒரு தம்ளரில் பாதியளவு தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் உறிஞ்சுகுழாயை அதில் நேராக நிறுத்துங்கள். அதன் மேல்முனை தண்ணீருக்கு மேல் சிறிதளவே நீண்டிருக்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். இன்னொரு குழாயைக் கிடையாகப் பிடித்து, மேல்முனையை உரசிச் செல்லும்படி ஊதுங்கள். மெதுவாக ஊதினால் ஒன்றும் நடக்காது. பலமாக ஊதினால் தண்ணீர் மேலேறிச் சாரலாகத் தெறிக்கும்.

இனி, தம்ளரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மட்டத்தை உயர்த்துங்கள். இப்போது முன்னைவிட மெதுவாக ஊதினாலே சாரல் வருகிறது அல்லவா? மெதுவாக ஊதுவது, காலால் மிதிப்பதற்குச் சமம். மட்டத்தை உயர்த்தியதோ, ஸ்கூட்டரைச் சாய்த்ததற்குச் சமம்!

2020 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பின், புதிய வண்டிகளில் கார்புரேட்டரின் இடத்தை மின்னணுக் கருவி பிடித்துக்கொண்டது. எஞ்சினின் சூட்டை அறிந்து அதுவே பெட்ரோலை அளந்து தெளிக்கிறது. சேத்தக் என்ற பெயரிலேயே 2020இல் மின்சார ஸ்கூட்டரும் வந்துவிட்டது. அதில் மிதிக்கவும் வேண்டாம், சாய்க்கவும் வேண்டாம். ஆனாலும் உங்கள் தெருவில் யாரேனும் பழைய வண்டியை மிதித்துக் களைத்து நின்றால், அருகே சென்று கேளுங்கள்: "பிளக் நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா?" பாதிக் கோளாறு அந்தக் கேள்வியிலேயே பிடிபட்டுவிடும்.