எதிர்த்திசையில் 65 கஜம்

1929, ஜனவரி 1. பாசடீனாவின் ரோஸ் பவுல் அரங்கில் ஓர் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தின் இரண்டாம் கால்பகுதி நடக்கிறது. ஜார்ஜியா டெக் வீரர் ஸ்டம்பி தாமசன் கையிலிருந்து பந்து நழுவியது. அதைப் பாய்ந்து எடுத்தவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வீரர் ராய் ரீகல்ஸ். எதிரணிக் கோடு 30 கஜ தூரத்தில்தான் இருந்தது. மறிக்க வந்தவரிடமிருந்து தப்ப உடம்பை ஒரு சுற்றுச் சுற்றினார். அதில் திசை மாறிப்போயிற்று. தன் அணியின் கோட்டை நோக்கியே ஓட ஆரம்பித்துவிட்டார்.

சக வீரர் பென்னி லாம் கத்திக்கொண்டே துரத்தினார். ஏறத்தாழ 65 கஜம் ஓடியவரை அவர் எட்டிப் பிடித்தபோது கோட்டுக்கு 3 கஜம் பாக்கி. திரும்புவதற்குள் ஜார்ஜியா டெக் ஆட்கள் மேலே விழுந்து அமுக்கிவிட்டார்கள்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பருவம் முடிந்தபின், தேர்ந்தெடுத்த இரண்டு அணிகளை அழைத்து நடத்துவது பவுல் ஆட்டம்; அன்று நடந்ததும் அதுதான். (பந்து முட்டை வடிவம், காலைவிடக் கைக்கே வேலை அதிகம்.) பாசடீனாவில் 1902-இல் தொடங்கியது. கிண்ண வடிவ அரங்கத்தின் பெயரே ஆட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

ரீகல்ஸ் ஓடியதால் மட்டும் யாருக்கும் புள்ளி கிடைக்கவில்லை. ஆபத்தான அந்த இடத்திலிருந்து பந்தை உதைத்து அனுப்பிவிடலாம் என்று கலிஃபோர்னியா முடிவெடுத்தது. லாம் உதைத்த பந்தை எதிரணி தடுத்தது. அதில் ஜார்ஜியா டெக்குக்கு 2 புள்ளி கிடைத்தது. கடைசியில் 8-7 என்று ஜார்ஜியா டெக் வென்றது. அந்த இரண்டும் இல்லாவிட்டால் 7-6, கலிஃபோர்னியாவுக்கு வெற்றி. பழி மட்டும் முழுக்க ஓடியவர் தலையில்.

இடைவேளையில் ரீகல்ஸ் போர்வையைப் போர்த்தி மூலையில் உட்கார்ந்து அழுதார். பயிற்சியாளர் நிப்ஸ் பிரைஸ், முதல் பாதியைத் தொடங்கியவர்களே இரண்டாம் பாதியையும் தொடங்குவார்கள் என்றார். ரீகல்ஸ் எழுந்திருக்கவில்லை. ஆட்டம் பாதிதான் முடிந்திருக்கிறது என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தார் பிரைஸ். எனக்கு அந்த ஓட்டத்தைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது. திரும்பிப் போனவர் எதிரணி உதைத்த பந்து ஒன்றைத் தடுத்தார். அடுத்த பருவம் அணித்தலைவரும் அவரே.

1964-இல் மின்னசோட்டா வைக்கிங்ஸ் வீரர் ஜிம் மார்ஷல் இதேபோல் 66 கஜம் எதிர்ப்பக்கம் ஓடி எதிரணிக்கு 2 புள்ளி கொடுத்தார். சங்கத்தில் சேர்ந்ததற்கு வரவேற்பு சொல்லி ரீகல்ஸ் அவருக்குக் கடிதம் போட்டார். மார்ஷலின் அணி அன்றைக்கு ஜெயித்துவிட்டது என்பதுதான் வித்தியாசம்.